டெல்டாவின் பழைய டிஷ்களும் பால்வெளியின் ஹைட்ரஜனும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் காவிரி டெல்டாவின் வீடுகளில் ஒரு சிறு தடங்கல் நேர்கிறது. மேகமில்லாத முற்பகலில், பதினொரு மணியை ஒட்டி, டிஷ் வழியாக வரும் தொலைக்காட்சியின் சிக்னல் தரம் சில நிமிடங்களுக்குச் சரிந்து, பிறகு தானாகவே மீள்கிறது. ஒயரில் ஈரம் இறங்கிய வீட்டிலோ, காற்றில் டிஷ் சற்றே திரும்பிவிட்ட வீட்டிலோ படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுவதும் உண்டு. மறுநாளும் ஏறத்தாழ அதே நேரத்தில் அதுவே நடக்கும். சில நாட்களில் அடங்கிவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட நினைப்பதற்குள் சரியாகிவிடுவதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தச் சில நிமிடங்களில் டிஷ்ஷின் முன்னால் வந்து நிற்பது சூரியன். டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிலைநிறுத்தப்பட்டுள்ளது. தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில், அடிவானத்திலிருந்து சுமார் 69 பாகை உயரத்தில், வான நடுவரைக்கு, அதாவது பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோட்டுக்கு, ஏறக்குறைய 2 பாகை தெற்கே அமைகிறது. வடக்கு நோக்கி வரும் சூரியன் மார்ச் 15, 16 தேதிகளை ஒட்டியும், தெற்கு நோக்கித் திரும்பும் சூரியன் செப்டம்பர் 28-ஐ ஒட்டியும் அந்த இடத்தைக் கடக்கிறது. அப்போது சூரியன் உமிழும் ரேடியோ இரைச்சல் செயற்கைக்கோளின் சிக்னலோடு சேர்ந்து டிஷ்ஷுக்குள் நுழைகிறது. செட்டாப் பாக்ஸில் சிக்னல் தரம் காட்டும் திரையைத் திறந்து வைத்து, அந்த நாட்களில் நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துவந்தால், எந்தக் கருவியையும் கழற்றாமல் சூரியனின் ரேடியோ வரைபடம் ஒன்று தலைகீழாகக் கிடைத்துவிடும்.

ஆகவே, வீட்டு டிஷ்ஷை ரேடியோ தொலைநோக்கியாக மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு, அது ஏற்கெனவே தொலைநோக்கியாகத்தான் இருக்கிறது என்பதே விடை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த டிஷ்ஷால் எதைப் பார்க்கலாம்? டெல்டாவில் இரண்டு தலைமுறை டிஷ்கள் இன்று வேலையிழந்து கிடக்கின்றன. ஒன்று, 2003-க்குப் பின் டிடிஎச் சேவைகளோடு வந்து, ஓட்டு வீட்டுச் சுவரிலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் பொருத்தப்பட்ட சுமார் 60 செ.மீ. அகலமுள்ள சிறிய இரும்புத் தட்டு. மற்றொன்று, அதற்கும் ஒரு தலைமுறை முந்தி, தனியார் தொலைக்காட்சிகள் பரவத் தொடங்கிய 1990களில், ஊர் ஊராகக் கேபிள்காரர்கள் மாடியில் நிறுத்திய எட்டடி, பத்தடி, பன்னிரண்டடி வலை டிஷ். டிஜிட்டல் ஒளிபரப்பு கட்டாயமானபின், பெரிய நிறுவனங்களின் தலைமையகத்திலிருந்து சிக்னல் கண்ணாடி இழை வழியாகவே வந்துவிடுவதால், இந்த இரண்டாவது வகை டிஷ்களுக்கு வேலை குறைந்துவிட்டது. முதல் வகை எங்கும் கிடைக்கிறது, ஆரம்பப் பாடத்துக்கு உதவுகிறது. இரண்டாவது வகை நாளுக்கு நாள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வானியல் ஆர்வலர் காப்பாற்ற வேண்டியது அதையே என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் டிஷ்ஷின் அளவிலும் அலையின் நீளத்திலும் இருக்கின்றன.

ஒரு டிஷ் வானத்தில் எவ்வளவு அகலமான பகுதியை ஒரே நேரத்தில் பார்க்கிறது என்பதை ஓர் எளிய கணக்கு சொல்லிவிடும். அலைநீளத்தை டிஷ்ஷின் விட்டத்தால் வகுத்து 70-ஆல் பெருக்கினால், பார்வையின் அகலம் பாகையில் கிடைக்கும். டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும் கேயூ அலைவரிசை 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை பரவியது. அதன் அலைநீளம் சுமார் 2.6 செ.மீ. எனவே 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை 3 பாகை அகலமுள்ளது. சூரியனும் நிலவும் அரைப் பாகை அகலமே உள்ளவை. இந்தச் சிறிய டிஷ்ஷால் சூரியன் இருக்கிறதா, எவ்வளவு வலிமையாக உமிழ்கிறது என்று அறியலாம். அதன் முகத்தில் எந்தப் பகுதியில் என்ன நடக்கிறது என்று அறிய முடியாது.

ஒருவர் விட்டுச்சென்ற கருவியை மற்றொருவர் வானத்தின் பக்கம் திருப்புவது இந்தத் துறையின் பிறப்போடு வந்த வழக்கம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி கடல் கடந்த தொலைபேசி இணைப்புகளில் கேட்ட இரைச்சலுக்குக் காரணம் தேடப்போய், 1933-இல் அதில் ஒரு பகுதி பால்வெளியிலிருந்து வருகிறது என்று அறிவித்தார். 1937-இல் குரோட் ரீபர் என்ற பொறியாளர் தம் வீட்டுக் கொல்லையில் 9 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட டிஷ் ஒன்றைச் சொந்தச் செலவில் கட்டி, வானத்தின் முதல் ரேடியோ வரைபடங்களை உருவாக்கினார். நம் நாட்டின் கதை இன்னும் நெருக்கமானது. ஆஸ்திரேலியாவின் பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் சூரியனை ஆராய்ந்து முடித்தபின் ஒதுக்கப்பட்ட, ஒவ்வொன்றும் ஆறடி விட்டமுள்ள 32 டிஷ்களை அந்நாட்டு ஆய்வு நிறுவனம் இந்தியாவுக்கு அன்பளிப்பாகத் தந்தது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் அவற்றைக் கொண்டுதான் 1965-இல் மும்பை அருகே கல்யாணில் நாட்டின் தொடக்ககால ரேடியோ தொலைநோக்கிகளில் ஒன்றை நிறுவினார்கள். ஐந்தே ஆண்டுகளில் அதே குழு உதகையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கியை எழுப்பியது. அந்த ஊரின் வட அகலாங்குக்கு இணையான சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமையும்படி கட்டியது அக்குழுவின் அறிவுக்கூர்மை. அண்மைக் காலத்தில் கானா நாட்டின் குன்டுன்சேயில் பயனற்றுப்போன 32 மீட்டர் தகவல்தொடர்பு டிஷ்ஷும், நியூசிலாந்தின் வார்க்வர்த்தில் 30 மீட்டர் டிஷ்ஷும் இவ்வாறே வானியலுக்கு மாற்றப்பட்டன.

சிறிய தட்டு: சூரியனும் தரையும்

டிடிஎச் டிஷ்ஷைக் கையாள்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது பார்க்கும் திசையும் அதன் முகம் காட்டும் திசையும் ஒன்றல்ல என்பதே. இந்தத் தட்டு ஒரு பெரிய பரவளையத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அதனால்தான், தட்டு குவிக்கும் அலையை வாங்கிப் பெருக்கும் எல்என்பி என்ற சிறு பெட்டி நடுவில் மறைக்காமல் கீழிருந்து நீளும் கையில் உட்கார்ந்திருக்கிறது. தட்டின் முகம் நேர் கிடைமட்டமாகப் பார்க்கும்போதும் அதன் பார்வை அடிவானத்துக்கு இருபது பாகைக்கும் மேலே உயர்ந்திருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் சூரியனை நோக்கித் தட்டைத் திருப்பிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று மனம் தளர்வது இதனால்தான். நகங்களின் அளவுள்ள இரண்டு மூன்று கண்ணாடித் துண்டுகளைத் தட்டின் வெவ்வேறு இடங்களில் தற்காலிகமாக ஒட்டிவைத்தால், சூரியனுக்கு நேராக வந்த கணத்தில் அவற்றின் ஒளிப்புள்ளிகள் எல்லாம் எல்என்பியின் மூடியில் வந்து கூடும். திசையைக் குறித்துக்கொண்டவுடன் கண்ணாடிகளை எடுத்துவிட வேண்டும். தட்டு முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டிப் பளபளப்பாக்குவது கூடவே கூடாது. குவியும் வெயில் எல்என்பியின் பிளாஸ்டிக் மூடியை உருக்கிவிடும். தட்டுக்கு மங்கலான வண்ணம் பூசியிருப்பதே அதைத் தவிர்க்கத்தான்.

எல்என்பியை ஒருமுறை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. நீண்ட நாள் கிடந்த டிஷ்களில் வெள்ளை மூடி வெயிலில் பொடிந்து, கொம்பு போன்ற வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது நம் பக்கத்தில் வழக்கம். அந்த ஈர மண் அலையை விழுங்கிவிடும். அதைச் சுரண்டி, வாயைத் துடைத்து, புது மூடியோ மெல்லிய பாலித்தீன் தாளோ கட்டிவிட்டால் பெரும்பாலான எல்என்பிகள் மீண்டும் உயிர்பெறுகின்றன. உள்ளே நடப்பது இதுதான்: வந்து சேரும் 11 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெருக்கி, அதிலிருந்து 9.75 அல்லது 10.6 கிகாஹெர்ட்ஸைக் கழித்து, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையான, சாதாரண ஒயரில் செல்லக்கூடிய அலையாக மாற்றித் தருகிறது. அதற்கான மின்சாரம் அதே ஒயரில் 13 அல்லது 18 வோல்ட்டாக மேலே செல்கிறது.

டிஷ் மெக்கானிக்குகள் பையில் வைத்திருக்கும், முள் ஆடிச் சத்தமிடும் சாட்டிலைட் ஃபைண்டரை இடையில் இணைத்து மின்சாரம் கொடுத்தால் முதல் பாடம் தொடங்கிவிடும். டிஷ்ஷைச் செயற்கைக்கோள்கள் இல்லாத வானத்தை நோக்கித் திருப்பி, முள் கீழ்ப்பகுதியில் நிற்கும்படி வைத்துக்கொண்டு, எல்என்பியின் முன்னால் உள்ளங்கையை நீட்டினால் முள் ஏறும். 310 கெல்வின், அதாவது 37 பாகை செல்சியஸ், வெப்பமுள்ள உடல் உமிழும் மைக்ரோ அலைதான் அது. தரையை நோக்கித் திருப்பினாலும், பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கித் திருப்பினாலும் முள் அதேபோல் ஏறும். தெளிந்த வானத்தில் இறங்கும். டிஷ் என்பது தூரத்துப் பொருளின் வெப்பத்தை அளக்கும் தெர்மாமீட்டர் என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்கிவிட முடியாது. பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் இந்த ஒரு சோதனையையாவது மாணவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

சூரியனை நோக்கித் திருப்பும்போது, இந்த அளவுள்ள தட்டில் ஏறக்குறைய 200 கெல்வின் கூடுதலாகப் பதிவாகும் என்று கணக்கிடலாம். எல்என்பியின் சொந்த இரைச்சலும் வளிமண்டலமும் சேர்ந்து 100 கெல்வினை ஒட்டி இருப்பதால், சூரியன் வரும்போது அளவு இரண்டு மூன்று மடங்காகிறது. டிஷ்ஷை அசைக்காமல் சூரியன் கடந்துபோகவிட்டால் பூமி மணிக்கு 15 பாகை சுழலும் கணக்கில், 3 பாகைப் பார்வையைச் சூரியன் கடக்கச் சுமார் 12 நிமிடம் ஆகும். கோடு மெல்ல ஏறி, உச்சி தொட்டு, அதே மாதிரி இறங்கும். அந்த மேட்டின் அகலத்தை அளந்தால் டிஷ்ஷின் பார்வை அகலம் கிடைத்துவிடும். நிலவிலிருந்து வருவது சில கெல்வின் மட்டுமே. பொறுமையாகச் சராசரி எடுப்பவர்களுக்கே அது பிடிபடும். வெயில் ஏற ஏற எல்என்பியின் பெருக்கமும் மாறும் என்பதால், இடையிடையே தரையை நோக்கித் திருப்பி ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் எடுத்த பதிவுகளில் இந்த ஒப்பீடு இல்லையென்றால் அவற்றுக்கு மதிப்பில்லை.

இரண்டு சிறிய தட்டுகளைச் சேர்த்தால் இன்னொரு படி ஏறலாம். அமெரிக்காவின் எம்ஐடி ஹேஸ்டாக் ஆய்வகம் மாணவர்களுக்காக டிடிஎச் உறுப்புகளைக் கொண்டே ஒரு சிறு குறுக்கீட்டுமானியை வடிவமைத்தது. கிழக்கு மேற்காக வைத்த இரு டிஷ்களின் சிக்னலைச் சேர்க்கும்போது எழும் ஏற்ற இறக்கக் கோடுகள், இடைவெளி கூடக்கூட மங்கிக்கொண்டே போகும். அரைப் பாகைச் சூரியனுக்கு, 2.6 செ.மீ. அலையில், அவை மறைவது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் இடைவெளியில். மறையும் இடைவெளியிலிருந்து சூரியனின் விட்டம் வந்துவிடும். பெரும்பாலான மொட்டைமாடிகளில் அந்த இடைவெளிக்கு இடம் இருக்கிறது.

பெரிய வலை: ஹைட்ரஜன்

சிறிய தட்டின் எல்லை இங்கே முடிகிறது. பால்வெளியைக் கேட்க வேண்டுமானால் 21 செ.மீ. அலைக்குப் போக வேண்டும். விண்மீன்களுக்கு இடையில் பரவியிருக்கும் குளிர்ந்த ஹைட்ரஜன் அணுவில், எலெக்ட்ரானின் சுழற்சித் திசை புரோட்டானுக்கு இணையாக இருந்து எதிராக மாறும்போது 1420.4 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்று வெளிப்படுகிறது. தனி அணு ஒன்றில் இது தானாக நிகழச் சராசரியாகக் கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆகும்; ஆனால் பால்வெளியில் ஹைட்ரஜன் அவ்வளவு நிறைந்திருப்பதால் அந்த அலை ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. ஹாலந்து நாட்டின் வான் டி ஹல்ஸ்ட் இதை 1944-இல் கணித்தார். 1951 மார்ச் 25-இல் ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கொம்பு ஆன்டெனாவால் அதை முதன்முதலில் பிடித்தார்கள். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகெங்கும் யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்ற பன்னாட்டு விதி இந்த ஓர் அலைக்காகவே காக்கப்பட்டுவருகிறது.

60 செ.மீ. தட்டு இந்த அலைக்கு மூன்று அலைநீள அகலம்கூட இல்லை. மேலே சொன்ன கணக்கின்படி அதன் பார்வை 25 பாகைக்குப் பரந்துவிடும்; குவிப்பதாகச் சொல்லிக்கொள்வதற்கே அதில் ஒன்றும் மிஞ்சாது. எட்டடி வலை டிஷ், அதாவது 2.4 மீட்டர், 6 பாகையில் பார்க்கிறது. பரப்பைக் கணக்கிட்டால் அது சிறிய தட்டைப்போல் 16 மடங்கு. இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. டிஷ்ஷின் வடிவத்தில் இருக்கும் பிழை அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவிதி. கேயூ அலைக்கு அது ஒன்றரை மில்லிமீட்டர். தென்னை மட்டை விழுந்து நெளிந்த டிடிஎச் தட்டு அதனால்தான் பயன்படுவதில்லை. ஹைட்ரஜன் அலைக்கோ ஒரு செ.மீ. பிழைகூடப் பொறுக்கத்தக்கது. வலையின் கண்கள் ஓரிரு செ.மீ. இருந்தாலும் 21 செ.மீ. அலை அவற்றைக் கடந்து போகாது. கடற்காற்றில் துருவேறி, இரண்டு மூன்று இதழ்கள் சற்று வளைந்து, தொலைக்காட்சிக்கு உதவாது என்று கேபிள்காரர் கழித்த டிஷ், ஹைட்ரஜனுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் நின்ற டிஷ்களுக்கு இது பெரிய வாய்ப்பு; முறிந்த வலையைக் கோழிவலைக் கம்பியால் ஒட்டுப்போட்டாலே போதும்.

மாற்ற வேண்டியது குவியத்தில் இருக்கும் பழைய எல்என்பியை மட்டுமே. சி அலைவரிசையான 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸுக்கு அமைந்த அது ஹைட்ரஜனைக் கேட்காது. அதன் இடத்தில், ஒருபுறம் மூடிய, 15 அல்லது 16 செ.மீ. விட்டமுள்ள நீளமான தகர டப்பாவைத் திறந்த வாய் டிஷ்ஷை நோக்கும்படி பொருத்த வேண்டும். உள்ளே, மூடிய அடியிலிருந்து ஏறத்தாழ 9 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. நீளச் செம்புக் கம்பி ஒன்று பக்கச் சுவரிலிருந்து நீண்டிருக்கும். விட்டத்தை மாற்றினால் இந்த 9 செ.மீ. தூரமும் மாறும் என்பதால், கிடைத்த டப்பாவில் எல்லாம் இதே அளவைப் போடக் கூடாது. குவியம் எங்கே என்று அறிய, விளிம்பிலிருந்து விளிம்புக்கு நூல் கட்டி, நடுவில் ஆழத்தை அளக்க வேண்டும். விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் வந்துவிடும். 240 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. ஆழமும் உள்ள டிஷ்ஷுக்கு அது 90 செ.மீ.

டப்பாவை ஒட்டியே வடிகட்டியோடு கூடிய குறைந்த இரைச்சல் பெருக்கி இருக்க வேண்டும். டெல்டாவின் சிற்றூர்களில்கூடச் செல்போன் கோபுரங்கள் 900, 1800 மெகாஹெர்ட்ஸில் உரக்கப் பேசிக்கொண்டிருக்கின்றன. வடிகட்டி இல்லாத பெருக்கி அந்தக் கூச்சலில் திணறிப்போகும். அங்கிருந்து வரும் ஒயர் மடிக்கணினியில் செருகிய ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சிறிய ரிசீவருக்குச் செல்கிறது. இதுவும் மறுவாழ்வு பெற்ற கருவிதான்: தொலைக்காட்சி பார்க்கத் தயாரித்த யூஎஸ்பி குச்சியின் உள்ளே இருக்கும் சில்லைப் பொதுவான ரேடியோ ரிசீவராகப் பயன்படுத்தலாம் என்று 2012-இல் ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். அது ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பதிவுசெய்யும். ஹைட்ரஜன் மேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் விலகினால் அலை 4.74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும் என்பதால், அந்த அகலத்தில் நொடிக்கு 500 கிலோமீட்டர் வேக வேறுபாடு அடங்கும். பால்வெளிக்கு இது தாராளம். எல்என்பிக்குச் செல்லும் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மட்டும் எக்காரணம் கொண்டும் இந்தக் குச்சிக்குள் நுழைந்துவிடக் கூடாது. நுழைந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

படுக்கவைத்த டிஷ்

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கிருந்து பார்க்க முடியாத வானம் நமக்குத் தெரிகிறது என்பதை அவை சொல்வதில்லை. பால்வெளியின் மையம் வான நடுவரைக்கு 29 பாகை தெற்கே, விருச்சிகத்தின் வால் முனையான மூல நட்சத்திரத்துக்கு அருகில் இருக்கிறது. லண்டனில் அது அடிவானத்திலிருந்து 10 பாகைகூட எழுவதில்லை; தஞ்சாவூரில் 50 பாகை உயரத்துக்கு வருகிறது. மலைகளோ குன்றுகளோ மறைக்காத சமவெளி என்பதால் எழுவதும் மறைவதும் முழுதாகக் கிடைக்கின்றன. ஒளித் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மேகத்தையும் கடலோர ஈரத்தையும் பார்த்து மனம் நொந்துபோவார்கள். 21 செ.மீ. அலை மேகத்தையும் மழையையும் பொருட்படுத்தாது. பகலும் இரவும் அதற்கு ஒன்றுதான்.

காற்றுதான் டெல்டாவில் உண்மையான எதிரி. எட்டடி டிஷ்ஷின் பரப்பு நாலரைச் சதுர மீட்டர். வலையானாலும் புயற்காற்றில் அது பாய்மரம் ஆகிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் தென்னந்தோப்புகளையே சாய்த்துப்போட்டதைப் பார்த்தவர்கள், மாடியில் கம்பம் நட்டுப் பெரிய டிஷ்ஷை உயர்த்துவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். யோசித்தால், கம்பமே தேவையில்லை என்பதும் விளங்கும். டிஷ்ஷைத் தரையில், வானத்தைப் பார்த்தபடி படுக்கவைத்து, நான்கு பக்கமும் முளையடித்துக் கட்டிவிடலாம். வலை என்பதால் மழைநீர் தேங்காது. தூக்க இரண்டு பேர், வைக்கக் களத்து மேட்டில் ஒரு மூலை, அவ்வளவே வேண்டும். டப்பாவின் பார்வை டிஷ்ஷின் விளிம்பைத் தாண்டிச் சூடான தரையையும் ஓரளவு தொடும் என்பதால் இரைச்சல் சற்றுக் கூடும். ஹைட்ரஜன் சிக்னலின் வலிமைக்கு அது பொருட்டல்ல.

தஞ்சாவூரின் தலைக்கு மேல் இருக்கும் வானம் நடுவரைக்கு 10.8 பாகை வடக்கே உள்ளது. அந்த வட்டத்தைப் பால்வெளியின் தளம் நாளுக்கு இருமுறை கடக்கிறது. ஒருமுறை, திருவோணம் உச்சிக்கு வருவதற்கு அரைமணிக்குச் சற்று அதிகமான நேரம் முன்பாக; மற்றொரு முறை, திருவாதிரை உச்சியைக் கடந்து ஏறக்குறைய அதே நேரம் கழித்து. முதலாவது ஆனி மாதக் கடைசியில் நள்ளிரவை ஒட்டி நிகழும். இரண்டாவது மார்கழி நடுவில் நள்ளிரவை ஒட்டி நிகழும். இரண்டும் நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டே வரும். பதிவில் எழுந்த மேடு வானத்திலிருந்து வந்ததா, பக்கத்து மோட்டார் கொட்டகையிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய இந்த நான்கு நிமிடமே உரைகல். தன் இரைச்சல் சூரியனிடமிருந்து வரவில்லை, விண்மீன்களிடமிருந்து வருகிறது என்று ஜான்ஸ்கி முடிவுகட்டியதும் இதைக் கொண்டுதான்.

திருவாதிரைப் பக்கத்தில் நாம் பால்வெளியின் வெளிப்புறத்தைப் பார்க்கிறோம். அங்கே ஹைட்ரஜன் மேடு குறுகலாக, 1420.4-ஐ ஒட்டியே நிற்கும். திருவோணப் பக்கத்தில் பார்வை பால்வெளியின் உட்புறமாக, மையத்திலிருந்து 45 பாகை விலகிய திசையில் செல்கிறது. அங்கே மேடு பரந்து, பல முகடுகளாகப் பிரிந்து, தாழ்ந்த அதிர்வெண் பக்கம் ஏறக்குறைய 300 கிலோஹெர்ட்ஸ் வரை நீண்டு முடியும். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தையும் சூரியனின் சொந்த நகர்வையும் கழித்தபின், அந்த விளிம்பு நொடிக்கு 65 கிலோமீட்டரை ஒட்டிய விலகல் வேகத்தைக் காட்டும். மையத்துக்கு மிக அருகில் நம் பார்வைக்கோடு தொட்டுச்செல்லும் இடத்திலுள்ள வாயுவே அவ்வளவு வேகமாக விலக முடியும். அந்த இடம் மையத்திலிருந்து, சூரியனின் 26,700 ஒளியாண்டுத் தூரத்தை 45 பாகையின் சைனால் பெருக்கிய தூரத்தில், அதாவது சுமார் 18,900 ஒளியாண்டில் இருக்கிறது. சூரியன் மையத்தைச் சுற்றும் வேகமான 220 கிலோமீட்டரின் அதே பங்கு, 156. அதோடு 65-ஐக் கூட்டினால் 221. மையத்துக்கு 7,800 ஒளியாண்டு நெருக்கமாக இருக்கும் வாயுவும் சூரியனின் வேகத்திலேயே சுற்றுகிறது. சூரியனை நெருங்கிய கோள்கள் வேகமாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் சுற்றுவதைப்போல இங்கே நடக்கவில்லை. பால்வெளியின் நிறை மையத்தில் குவிந்திருக்கவில்லை என்பதையும், அதில் பெரும்பங்கு கண்ணுக்குப் புலப்படாத பொருளாக இருக்க வேண்டும் என்ற முடிவையும் வானியலாளர்கள் இத்தகைய அளவீடுகளிலிருந்தே அடைந்தார்கள்.

ஒரே புள்ளியை வைத்துக் கோடு வரைய முடியாது. டிஷ்ஷின் வடக்கு விளிம்பை 54 செ.மீ. உயர்த்திச் செங்கல் அடுக்கினால் அது 13 பாகை தெற்கே சாய்ந்து, மையத்திலிருந்து 30 பாகை விலகிய திசையைப் பிடிக்கும். தெற்கு விளிம்பை 74 செ.மீ. உயர்த்தினால் 18 பாகை வடக்கே சாய்ந்து, 65 பாகைத் திசையைப் பிடிக்கும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு முழு நாள் பதிவெடுத்தால், 13,350 ஒளியாண்டிலிருந்து 24,200 ஒளியாண்டு வரை வேகம் எப்படி மாறுகிறது என்பதற்கான மூன்று புள்ளிகள் கிடைத்துவிடும்.